கித்தான் கூடாரம்: காலாவதி என்ற தீர்ப்புக்கு மறுப்பு

பருத்தி நூலில் கெட்டியாக நெய்த கித்தான் கூடாரத்தின் காலம் முடிந்துவிட்டது என்பது, முகாம் சாமான் விற்பவர்களும் அதைப் பற்றி எழுதுபவர்களும் இன்று ஏறக்குறைய ஒருமனதாகச் சொல்லும் கருத்து. கனம் அதிகம், மழைக்கு ஒழுகும், பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும், தீப்பிடிக்கும், விலையும் கூடுதல் என்று அதன்மேல் ஐந்து குற்றங்கள் சாட்டப்படுகின்றன. நைலானும் பாலியெஸ்டரும் கைக்கு வந்த பிறகும் ஒருவர் கித்தானைத் தேடினால் அது பழமை மோகமே தவிர வேறில்லை என்று முடிவும் கட்டப்படுகிறது. இந்த முடிவு ஒரே ஒரு வகைப் பயணிக்குப் பொருந்தும்: தங்குமிடத்தை முதுகில் சுமந்துகொண்டு நாள்தோறும் இடம் மாறுபவருக்கு. அவருடைய தேவையை எல்லாக் கூடாரங்களுக்கும் இலக்கணமாக்கியதில்தான் பிழை தொடங்குகிறது.

அந்தப் பிழை நேர்ந்த விதம் வரலாற்றில் தெளிவாகவே தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூடாரம் என்பது நாள்கணக்கில், மாதக்கணக்கில் தங்குவதற்கான இடம். 1802இல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை பல பத்தாண்டுகள் கூடாரங்களிலேயே நடந்தது; அவர் 1823இல் இறந்ததும் அளவைப் பயணத்தின் நடுவில்தான். அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி சிப்லி 1856இல் காப்புரிமை பெற்ற கூம்புக் கூடாரம், சமவெளிப் பழங்குடிகளின் டீப்பி என்ற தோல் கூடாரத்தைப் பார்த்து அமைத்தது. காட்டெருமை மந்தைகள் அழிக்கப்பட்ட பின் அந்த மக்களே தோலை விட்டுக் கித்தானுக்கு மாறினார்கள். இவை எல்லாவற்றிலும் பாரத்தைச் சுமந்தது மாடு, குதிரை, வண்டி. எடை ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கராத்தர்ஸ் 1935இல் நைலானை உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் அது பாராசூட் துணியாயிற்று. போருக்குப் பின் மலையேறிகளின் கைக்கு வந்தது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய பிரிட்டிஷ் குழுவின் கூடாரங்கள் பருத்தியும் நைலானும் கலந்து நெய்தவை. 1970களில் முழுவதும் செயற்கை இழையாலான குவிமாடக் கூடாரங்கள் பரவின. உயர்ந்த மலையில் ஒவ்வொரு கிராமும் மூச்சோடு சம்பந்தப்பட்டது என்பதால் அந்தத் தொழிலுக்கு அது சரியான மாற்றம். ஆனால் அதே கூடாரம் கடைக்கு வந்தபோது, காரில் போய் ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கும் குடும்பமும் எடையைப் பார்த்தே பொருளை எடைபோடப் பழகிவிட்டது. ஐந்து குற்றச்சாட்டுகளும் இந்தப் பழக்கத்தின் கிளைகளே. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, கனம். ஐந்து மீட்டர் விட்டமுள்ள கித்தான் மணிக்கூடாரம் ஒன்று கம்பம், முளை, தரைவிரிப்பு எல்லாம் சேர்ந்து 30 கிலோ அளவுக்கு வரும். இருவர் படுக்கும் நைலான் கூடாரம் 2 கிலோவுக்குள் அடங்கிவிடும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைப்பதே குழப்பம். முன்னது ஐந்தாறு பேர் படுக்க, நிமிர்ந்து நிற்க, மழைநாள் முழுக்க உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட இடம் தருவது. பின்னது ஊர்ந்து நுழைந்து உறங்கி எழுந்து வெளியேற மட்டும். வண்டி போகும் இடத்தில் முகாம் என்றால் அந்த 30 கிலோ சுமையே அல்ல. மேலும், கனமான துணி காற்றில் படபடப்பதில்லை. மெல்லிய நைலான் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் தூங்காமல் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாதக்கணக்கில் கூடாரத்திலேயே வாழ நேர்பவர்களுக்கு எதைத் தருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் வழக்கமான குடும்பக் கூடாரம் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கித்தானால் ஆனது. விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டிய பொருளுக்கு எடைதான் முதல் கணக்கு என்றால் அங்கே கித்தானுக்கு இடமே இருந்திருக்காது. குழந்தைகளும் முதியவர்களும் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் உள்ளேயே இருக்க வேண்டியிருப்பதால் வேறு கணக்குகள் முன்னுக்கு வந்தன. இன்னொரு பக்கம், இயற்கை இழை என்றாலே கனம் என்பதும் உண்மையல்ல. 1901இல் இங்கிலாந்தில் மிதிவண்டி முகாமாளர் சங்கத்தைத் தொடங்கிய தாமஸ் ஹைரம் ஹோல்டிங், நைலான் பிறப்பதற்கு ஒரு தலைமுறை முன்பே, மிதிவண்டியில் கட்டிக்கொண்டு போகக்கூடிய மெல்லிய பட்டுக் கூடாரங்களைப் பரப்பினார்.

இரண்டாவது, ஒழுகல். இந்தக் குற்றச்சாட்டு துணி வேலை செய்யும் முறையைப் புரிந்துகொள்ளாமல் எழுந்தது. நைலான் இழை தண்ணீரை நிறுத்தாது. அதன்மேல் தடவிய பாலியூரிதேன் அல்லது சிலிக்கோன் பூச்சுதான் நிறுத்துகிறது. கித்தானில் இழையே அந்த வேலையைச் செய்கிறது. பருத்தி இழை நனைந்ததும் பருக்கிறது. பாவுக்கும் ஊடைக்கும் இடையிலுள்ள நுண்துளைகள் நெருங்கி அடைபடுகின்றன. காய்ந்ததும் மறுபடி திறந்து காற்றை விடுகின்றன. புதுக் கூடாரத்தை வாங்கியதும் முதல் வேலையாக விரித்துக் கட்டி, தண்ணீர் விட்டு நன்றாக நனைத்து, அப்படியே காயவிட்டு, இதை இரண்டு மூன்று முறை செய்யும் வழக்கம் இதனால்தான் வந்தது. முதல் நனைப்பில் தையல் ஓரங்களில் சொட்டும். ஊசி போன துளைகளில் நூல் பருத்து உட்கார்ந்த பின் சொட்டு நின்றுவிடும். இந்தப் பழக்கம் தெரியாமல் முதல் மழையிலேயே ‘ஒழுகுகிறது’ என்று திருப்பிக் கொடுத்தவர்களின் கதைதான் பொதுக் கருத்தாகிவிட்டது.

மெழுகோ வேறு பூச்சோ ஏறாத பழைய கித்தானின் உட்புறத்தை மழையின்போது விரலால் தொட்டால் அந்த இடத்தில் சொட்டத் தொடங்கும் என்பது மெய்தான். அதற்குக் கைவைத்தியமும் உண்டு: தொட்ட இடத்திலிருந்து துணியின் கீழ்விளிம்பு வரை விரலை இழுத்துக் கோடு போட்டுவிட்டால் நீர் அந்தக் கோட்டின் வழியே கசிந்து இறங்கிவிடும், படுக்கை நனையாது. பருத்தி, சணல் கயிறுகளின் நடத்தையும் இதே வகை. நனைந்த இழை பருக்கும்போது முறுக்கேறிய கயிறு நீளத்தில் குறுகும். அதனால் மழை வருமுன் இழுகயிறுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் முளை பிடுங்கிக்கொள்ளும், அல்லது துணி கிழியும். நைலானோ நேர்மாறு: நனைந்தால் நீளும், தொய்யும், நள்ளிரவில் எழுந்து இறுக்கிக் கட்டச் சொல்லும். இன்னொரு வேறுபாடும் உண்டு. நனைந்த பருத்தி இழையின் வலு கூடுகிறது. நனைந்த நைலானின் வலு குறைகிறது.

பூச்சே இல்லாமல் பருத்தி எவ்வளவு தூரம் நீரைத் தடுக்கும் என்பதற்குப் போர்க்காலச் சோதனை ஒன்று சான்று. மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வகம் நீள இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து வென்டைல் என்ற துணியை உருவாக்கியது. ஆர்க்டிக், வட அட்லாண்டிக் கடல்களில் கப்பல் அணிகளுக்குக் காவலாகப் பறந்த பிரிட்டிஷ் விமானிகள் சுடப்பட்டுக் கடலில் விழுந்தால் சில நிமிடங்களில் குளிரில் இறந்தார்கள். வென்டைல் உடை அந்த அவகாசத்தை இருபது நிமிடம் வரை நீட்டியது. மீட்புப் படகு வந்துசேர அது போதுமாயிருந்தது. பருத்தி நீருக்கு ஆகாது என்று பேசுபவர்கள் இந்த வரலாற்றைத் தொடுவதே இல்லை.

மழையைப் பேசும்போது மறக்கப்படுவது உள்ளே பிறக்கும் ஈரம். தூங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து ஓரிரவில் கால் லிட்டருக்குக் குறையாமல் நீராவி வெளியேறும். நால்வர் படுத்தால் விடிவதற்குள் ஒரு லிட்டர். பூச்சு ஏறிய துணியில் அது போக வழியில்லாமல் குளிர்ந்து துளிகளாகி, சுவரில் வழிந்து, காலையில் படுக்கைப் பையை நனைக்கிறது. இதைச் சமாளிக்கவே செயற்கைக் கூடாரங்களுக்கு வலை உள்ளறை, மேல்விரிப்பு என்று இரட்டை அடுக்கும், காற்றுப்போக்கிகளும் வேண்டியிருக்கின்றன. கித்தான் ஒற்றை அடுக்கிலேயே ஆவியை வெளியே விடும். ஒழுகாத கூடாரம் என்று வாங்கியவர் உள்மழையில் நனைவதும், ஒழுகும் என்று தள்ளப்பட்ட கூடாரத்தில் படுத்தவர் உலர்ந்து எழுவதும் அனுபவத்தில் அடிக்கடி காண்பவை.

கடுங்குளிரில் நிலைமை மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1911இன் அன்டார்க்டிகக் குளிர்காலத்தில் ஸ்காட்டின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-காரார்ட் மூவரும் பெங்குவின் முட்டை தேடிக் குரோசியர் முனைக்குப் போனபோது வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 60 டிகிரியைத் தொட்டது. மூச்சின் ஈரம் கூடாரத் துணியிலேயே உறைந்து, நாளுக்கு நாள் பாரம் ஏறியது. அங்கே அவர்கள் கற்களால் கட்டிய குடிலின் கித்தான் கூரையைப் புயல் கீற்றுக் கீற்றாகக் கிழித்தெறிந்தது. அதே புயல் தூக்கிக்கொண்டு போன கூடாரமோ சரிவின் அடியில் பெரும் சேதமில்லாமல் கிடைத்தது. மூவரும் உயிரோடு திரும்பியது அதனால்தான். கூரை கிழிந்ததற்கும் கூடாரம் பிழைத்ததற்கும் துணி மட்டுமே காரணமல்ல. ஒன்று தளர்ந்து காற்றில் அடிபட்டது. மற்றது மூங்கில் கம்புகளோடு குடைபோல மடங்கிக்கொண்டது. அந்தக் கூர்ங்கோபுர வடிவம் ஸ்காட் கூடாரம் என்ற பெயரில் அன்டார்க்டிக ஆய்வு முகாம்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

வெப்பத்தில் இயற்கை இழையின் பக்கம் இன்னும் வலுவானது. அரபுப் பாலைவனத்தின் பெடூயின் கருங்கூடாரம் ஆட்டுமயிரில் நெய்தது. தரையில் பரப்பிய தறியில் பெண்கள் நீண்ட பட்டைகளாக நெய்து, பட்டைகளை ஒன்றோடொன்று தைத்து விரிக்கிறார்கள். நெசவு தளர்வாக இருப்பதால் சூடான காற்று மேலே கசிந்து வெளியேறும். துணி தடித்தது என்பதால் நிழல் அடர்த்தியாக விழும். அரிதாகப் பெய்யும் மழையில் மயிர் பருத்து, எண்ணெய்ப் பசை நீரைத் தள்ளிவிடும். நைந்த பட்டையைக் கழற்றிப் புதியதைச் சேர்த்தால் போதும். கூடாரம் முழுவதையும் ஒருபோதும் தூக்கியெறிய வேண்டியதில்லை. மங்கோலியாவின் கேர் என்ற கூடாரம் செம்மறி ரோமக் கம்பளத்தால் போர்த்தியது; அதைக் கட்டும் மரபுக் கைத்திறன் 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோடையிலும் உறைபனியிலும் மாறி மாறி வாழும் மக்கள் அதைக் கைவிடாததற்குக் காரணம் மரபுப் பற்று மட்டுமல்ல. அந்தப் பருவநிலைக்கு அது பொருந்துகிறது.

மூன்றாவது, இற்றுப்போதல். ஈரத்தோடு மடித்துக் கட்டிய கித்தானில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பூக்கும். கரும்புள்ளி விழுந்தால் போகாது. கவனிக்காமல் விட்டால் இழையே பொடிந்துவிடும். இது மறுக்க முடியாத குறை. நன்றாகக் காயவைத்து மடிப்பது அதற்கு முழு மருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாமிர-அம்மோனியக் கரைசலில் தோய்த்துப் பச்சை நிறமேறிய வில்ஸ்டன் கித்தான் இற்றுப்போகாத துணியாகப் பெயர் வாங்கியிருந்தது. ஆனால் செயற்கைத் துணி கெடாது என்ற எதிர்வாதம் இதைவிடப் பலவீனமானது. நைலானை வெயிலின் புறஊதாக் கதிர் தின்கிறது. பருவம் முழுக்க வெயிலில் நின்ற துணியை நகத்தால் கீறினாலே கிழியும் நிலை வருவதுண்டு. பாலியூரிதேன் பூச்சு ஈரக்காற்றிலும் வெக்கையிலும் நீராற்பகுப்புக்கு ஆளாகிப் பிசுபிசுத்து, நாற்றமடித்து, உதிரும். சென்னை போன்ற கடலோர ஊரில் பரணில் மூட்டையாகக் கிடக்கும் கூடாரத்துக்கு இது சீக்கிரமே நேரும். பூஞ்சணத்தைத் தடுப்பது உரியவரின் கையில் இருக்கிறது. பூச்சின் மரணத்தைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது.

பழுது பார்ப்பதிலும் இதே வேறுபாடு. கித்தானில் கிழிசல் விழுந்தால் கெட்டி ஊசியும் மெழுகு தடவிய நூலும் போதும். நாலு பக்கமும் உள்மடித்து ஒட்டுப் போட்டு, ஓரத்தில் மெழுகு தேய்த்தால் வேலை முடிந்தது. குடை, செருப்பு தைக்கும் எந்தக் கைவினைஞரும் இதைச் செய்வார். பூச்சு உரிந்த நைலானுக்கு இப்படி ஒரு வைத்தியம் இல்லை. துணி வாழும் காலத்துக்கு எல்லைச் சான்று ஒன்று வேல்ஸின் போவிஸ் கோட்டையில் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கொண்டுபோகப்பட்ட திப்பு சுல்தானின் கூடாரம், பூ அச்சிட்ட பருத்திச் சீட்டித் துணியால் ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்தது. அரண்மனைப் பராமரிப்பில் இருந்த பொருளை மழையில் நிற்கும் கூடாரத்தோடு ஒப்பிட முடியாது. என்றாலும், பேணினால் பருத்தி நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும் என்பதற்கு அது கண்முன் உள்ள ஆதாரம்.

நான்காவது, தீ. இதுவே கித்தானுக்கு எதிரான வலுவான வாதம், இதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து ஏறத்தாழ 167 பேர் இறந்தார்கள். 1997 ஏப்ரல் 15 அன்று மக்காவை அடுத்த மினாவில் ஹஜ் பயணிகளின் கூடார நகரம் பற்றி எரிந்து 343 பேர் மாண்டார்கள். இரண்டையும் கூர்ந்து பார்த்தால் குற்றவாளி வேறு. ஹார்ட்ஃபோர்டில் மழைக்காகக் கித்தானின்மேல் பாரஃபின் மெழுகைப் பெட்ரோலிய எண்ணெயில் கரைத்துத் தடவியிருந்தார்கள். தீ பரவிய வேகம் அந்தப் பூச்சின் வேகம். மினாவில் பல்லாயிரம் கூடாரங்கள் இடைவெளியின்றி நெருங்கி நிற்க, உள்ளே அடுப்புகள் எரிந்தன. அதன்பின் அங்கே எழுந்தவை டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைக் கூடாரங்கள். நைலானை அங்கே யாரும் தீர்வாக எடுக்கவில்லை.

காரணம் எளிது. பருத்தி பற்றிக்கொண்டால் எரிந்து கருகும், உருகிச் சொட்டாது. நைலானும் பாலியெஸ்டரும் 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் அளவில் உருகி, எரியும் சொட்டுகளாகத் தோலில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். அடுப்புப் பொறி விழுந்தால் கித்தானில் ஒரு கருந்துளை. மெல்லிய நைலானில் உருகி விரியும் ஓட்டை. குளிர்நாட்டு வேட்டை முகாம்களில் புகைப்போக்கியோடு விறகடுப்பை உள்ளே வைத்துப் பயன்படுத்தும் கூடாரங்கள் பெரும்பாலும் கித்தானாகவோ கலப்புக் கித்தானாகவோ இருப்பது இதனால்தான். செயற்கைக் கூடாரங்களின் எரிதன்மையைக் குறைக்கச் சேர்க்கும் தீத்தடுப்பு ரசாயனங்கள் தனிச் சிக்கல். கூடாரத்தைக் கட்டி முடித்தவர்களின் கைகளில் அந்த ரசாயனங்கள் ஒட்டியிருந்ததை ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். தீத்தடுப்பு ஏற்றிய கித்தானும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பாது. எந்தத் துணியானாலும் என்ன பூசியிருக்கிறது என்று கேட்டு வாங்குவதே முறை.

ஐந்தாவது, விலை. கித்தான் கூடாரம் ஒன்றின் விலையில் மலிவுக் கூடாரங்கள் பல வாங்கலாம். ஆனால் வாங்கிய நாளின் விலையைப் பயன்படுத்திய இரவுகளால் வகுத்தால் கணக்கு திரும்பிவிடும். மலிவு எதற்கு வழிவகுத்தது என்பதை பிரிட்டிஷ் இசை விழாத் திடல்கள் காட்டுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,50,000 கூடாரங்கள் விழா முடிந்ததும் அங்கேயே விட்டுச் செல்லப்படுகின்றன என்று 2019இல் அந்நாட்டின் சுயாதீன விழாக்கள் சங்கம் கணக்கிட்டது. பெரும்பாலும் பிளாஸ்டிக்கான அவை குப்பைக்குப் போகின்றன. மூன்று இரவுக்கு மேல் வைத்திருக்கத் தோன்றாத பொருளை ‘சிக்கனம்’ என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

இந்த மறுப்பு, இயற்கைப் பொருள் என்பதாலேயே எல்லாம் நல்லது என்ற எதிர்முனைக் கோஷத்துக்கும் இடம் தராது. பருத்திச் சாகுபடி தண்ணீரையும் பூச்சிக்கொல்லியையும் அதிகம் கேட்பது. தாமிர உப்பு ஏற்றிய கித்தான் மண்ணில் போட்டால் மட்கிப் போகும் அப்பாவித் துணியல்ல. இரண்டு பருவத்தில் பூஞ்சணம் பிடிக்கவிட்டு எறிந்த கித்தான், பத்து ஆண்டு உழைத்த பாலியெஸ்டரைவிட மண்ணுக்கு அதிகக் கடன் வைத்துப் போகிறது. கித்தானின் உரிமை அதன் பிறப்பில் இல்லை. நீண்ட காலம் உழைப்பதிலும், கைத்தையலில் சீர்படுவதிலும், ஆவியை வெளியேற்றுவதிலும் இருக்கிறது. அந்த உழைப்பை வாங்கத் தெரியாதவருக்கு அது வெறும் கனத்த துணிதான்.

செயற்கை இழை வெல்லும் இடங்களும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானவை. முதுகுச்சுமைப் பயணம், உயர்மலை ஏற்றம், மிதிவண்டிப் பயணம், நாள்தோறும் இடம் மாற்றி ஈரத்தோடு மடிக்க வேண்டிய நடை ஆகியவற்றில் கித்தான் போட்டியிட முடியாது. மலையேற்றக் கயிறு முழுவதும் நைலானுக்கே உரியது. அறுந்துபோன மணிலாக் கயிறுகளின் காலத்துக்குத் திரும்ப எவரும் விரும்பமாட்டார்கள். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி இரண்டுக்கும் நடுவில் நின்று, எடையையும் பூஞ்சணத்தையும் குறைத்து, மூச்சுவிடும் தன்மையைப் பெருமளவு காப்பாற்றுகிறது.

ஆகவே கூடாரம் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அதை யார் சுமப்பது, ஒரே இடத்தில் எத்தனை இரவு நிற்கும், திரும்பி வந்ததும் விரித்துக் காயவைக்க இடமும் பொறுமையும் உண்டா. சுமப்பது வண்டியாக இருந்து, நிற்பது பல இரவாக இருந்து, காயவைக்க மொட்டைமாடியும் இருந்தால் கித்தானே பொருத்தம். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கலப்புத் துணி அல்லது செயற்கைத் துணி. எடையை மட்டும் வைத்துக் கித்தானுக்கு மரண அறிக்கை எழுதிய கருத்து, முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் கேட்காமலேயே விட்டது.